அம்மாவுக்கு வாங்கிய ஒலி வேதாகமப் பெட்டி

அம்மாவுக்கு 79 வயது. கண்ணில் பிரஷர் வந்து பார்வை மங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாலும் வரி தெரிவதில்லை. நான் வாசித்துக் காட்டலாம், ஆனால் காலை எட்டரைக்கு வேலைக்குப் போய்விடுவேன். அதனால்தான் போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) 1,850 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்கினேன்.

உள்ளங்கை அளவுதான். முதுகில் சோலார் தகடு இருக்கிறது, செல்போன் சார்ஜரும் பொருந்தும். 66 புத்தகங்களும் முழுசாக உள்ளே இருக்கின்றன. வாசிப்பது 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. அம்மா சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்தது அதுதான் என்பதால், வேறு எதுவும் எங்களுக்கு உதவாது. பின்னணி இசை கிடையாது. ஒரே ஆண் குரல், அவசரமில்லாமல் வாசிக்கிறது. வம்ச அட்டவணைகளில்கூட அவர் ஓடவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பொத்தான்கள் எல்லாம் மட்டமாக, ஒரே அளவில் இருக்கின்றன. கண் தெரியாதவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள் என்று செய்தவர்கள் யோசிக்கவே இல்லை. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஓடவிடும் பொத்தானில் ஒட்டிக் கொடுத்தேன். இன்னொன்று, நடுவில் நிறுத்திவிட்டுப் போட்டால் அதிகாரத்தின் தொடக்கத்துக்கே போய்விடும். 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதத்தில் இது எவ்வளவு பாடு என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் குறையால்தான் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. பெரிய வியாழன் ராத்திரி மத்தேயு 26 ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய், அடுப்படியில் கைவேலையாக இருந்தேன். அம்மா இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். "ஏட்டி, இங்க வா. ரெண்டு ஜெபமும் ஒண்ணு இல்ல, கேளு."

போய் உட்கார்ந்து கேட்டேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்த முதல் ஜெபம், பாடுகளின் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும் என்பது. இரண்டாவதில் அந்த விண்ணப்பம் இல்லை. நான் குடித்தாலொழிய இது நீங்காது என்றால் உம்முடைய சித்தப்படி ஆகட்டும் என்று வருகிறது. எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் வாசித்திருக்கிறேன், இரண்டையும் ஒன்றாகவே நினைத்து கண் தாண்டிப் போயிருக்கிறது. குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரெயர் 5:8 சொல்கிறதே, அந்தக் கற்றுக்கொள்ளுதல் நடப்பதை அன்று காதால் கேட்டேன். பிதாவுக்குக் கீழ்ப்படிவது என்றால் வாய் திறக்காமல் தலையாட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரோ முகங்குப்புற விழுந்து கேட்டிருக்கிறார், மூன்று தரம்.

மாற்கு 14-இல் அதே இடத்தில் "அப்பா பிதாவே" என்று வரும். அது அரமேய வார்த்தை என்று தெரியும். ஆனாலும் இந்த வாசிப்பாளர் அதை வேதப்பாடம் மாதிரிச் சொல்லாமல், நம் வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறார். அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நான் இன்னும் மொத ஜெபத்துலதான்ட்டி நிக்கேன்" என்றார்கள். கண்ணைத்தான் சொன்னார்கள் என்று எனக்குப் புரிந்தது. சொட்டு மருந்து போடும் நேரமாகிவிட்டது, போட்டுவிட்டேன்.

"சொன்னால் கேள்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்தக் "கேள்" நம் பாஷையில் காதுக்கும் கீழ்ப்படிதலுக்கும் சேர்த்துத்தான். எபிரெய மொழியின் "ஷாமா"வும் அப்படியே என்று எங்கள் சபை ஐயர் (போதகர்) ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். 1 சாமுவேல் 15:22-இல் கீழ்ப்படிதலும் செவிகொடுத்தலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் அதனால்தானோ என்னவோ. வாசிக்கையில் வேண்டாத வசனத்தைத் தாண்டிவிடலாம். இதில் தாண்ட முடியாது, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சரி, வாங்குபவர்களுக்கு: நல்ல வெயிலில் ஒரு நாள் வைத்தால் நான்கு மணி நேரம் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சார்ஜரை நம்புங்கள். சத்தம் ஒரு அறைக்குப் போதும், ஜெபக்கூட்டத்துக்குப் போதாது. காது மந்தமானவர்கள் இயர்போன் சேர்த்து வாங்கவேண்டும். டியூப் துண்டு ஒட்டுவதாக இருந்தால் ஃபெவிகுவிக் வேண்டாம், பொத்தானுக்குள் இறங்கிவிடும். பஞ்சர் ஒட்டும் பசையே போதும்.