சர்ஜ் புரொடெக்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்: சுங்கை சிப்புட் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மின்சாதனக் கடையில் கறுப்பு நிற எக்ஸ்டென்ஷன் ஒன்றை விற்கிறார்கள். ஆறு பிளக் மாட்டலாம், ஓரத்தில் பச்சை விளக்கு, பெட்டியில் ‘சர்ஜ் புரொடெக்டர்’ (வோல்டேஜ் திடீரென்று எகிறினால் சாமானைக் காப்பது) என்று பெரிய எழுத்து, பக்கத்தில் மின்னல் படம். விலை 89 வெள்ளி (ரிங்கிட்). இதை நம்பி ஆம்ப்ளிஃபயரையோ டிவியையோ மாட்டி வைத்திருப்பவர்கள், இப்போதே கழற்றிவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் வாங்கியது எங்கள் ஹாலில் இருக்கும் ஆடியோ செட்டுக்காக. தோட்டத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது அப்பா தன் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய செட் அது. விடிந்தால் ராகா வானொலி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாரம் என்று வீடே அதில்தான் ஓடும். கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டி, “தம்பி, இதைப் போட்டுட்டா இடி வீட்டு மேலயே விழுந்தாலும் செட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு வருசம் வாரண்டி” என்றார். இப்படி யார் சொன்னாலும் பொய். நேரடியாக விழும் இடியைத் தாங்கும் எக்ஸ்டென்ஷன் உலகத்திலேயே கிடையாது.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், செம்பனைக் காட்டுப் பக்கம் பலமாக ஓர் இடி. வீட்டுக்கு மேல் விழவில்லை. கரண்ட் ஒரு தடவை மினுங்கியது, வீட்டுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் இல்லை, சப்வூஃபரில் வெறும் இரைச்சல். எக்ஸ்டென்ஷனின் பச்சை விளக்கு மட்டும் எப்போதும்போல் எரிந்தது. ரிப்பேர்காரர் பவர் சப்ளை போர்டு கருகியிருப்பதைக் காட்டி 640 வெள்ளி கேட்டார்.

கடைக்குப் போனால் பேச்சே மாறிவிட்டது. முதலில் “இடிக்கெல்லாம் வாரண்டி கிடையாது” என்றார். பெட்டியில் இருக்கும் மின்னல் படத்தைக் காட்டியதும், “உங்க வீட்டு எர்த் சரியில்ல” என்றார். கடைசியில், “அந்த எக்ஸ்டென்ஷனை என்கிட்ட கொடுத்துடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

எங்கள் லோரோங்கில் (சந்தில்) லைசென்ஸ் உள்ள வயர்மேன் மாமா ஒருவர் இருக்கிறார். முதலில் வீட்டு எர்த்தை மீட்டர் வைத்து அளந்தார்: 7 ஓம். இடிக்கு 10 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள், ஆக எர்த் மேல் குறை சொல்ல முடியாது. அப்புறம் எக்ஸ்டென்ஷனின் அடிப்பக்கத்து ஸ்குருவைக் கழற்றினார். உள்ளே மூன்று பித்தளைப் பட்டைகள், ஒரு சுவிட்ச், பச்சை விளக்கு, அதற்கு ஒரு சின்ன ரெசிஸ்டர். வேறு எதுவுமே இல்லை. உண்மையான சர்ஜ் புரொடெக்டரில் வேரிஸ்டர் இருக்க வேண்டும். காசு அளவில் தட்டையாக, பெரும்பாலும் நீலமாகவோ மஞ்சளாகவோ இருக்கும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் அதைத் தன் வழியாக இழுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடுவது அதுதான். இதில் ஒன்றுகூட இல்லை.

அதைவிட மோசம், வயரில் இரண்டே கம்பிகள்தான். மூன்றாவது பட்டை எதோடும் சேராமல் சும்மா கிடக்கிறது. பிளக்கில் எர்த் முள் இருப்பது வெறும் கண் துடைப்பு. என் வீட்டு எர்த் சரியில்லை என்றாரே, அவர் விற்ற சாமானில் எர்த்தே இல்லை! இரும்பு உடம்புள்ள சாமானை இதில் மாட்டி உள்ளே கரண்ட் கசிந்தால், தொடுகிற ஆளுக்குத்தான் ஷாக். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இவ்வளவுக்கும் பிறகு அதே கடைக்காரர் 450 வெள்ளிக்கு ஒரு ஸ்டெபிலைசரை நீட்டினார். 230 வோல்ட் மெல்ல ஏறி இறங்கினால் அதைச் சரிசெய்வதுதான் ஸ்டெபிலைசரின் வேலை. இடியின் எழுச்சி மைக்ரோ செகண்டுகளில் வந்து முடிந்துவிடும், அது அசைவதற்குள் போர்டு கருகியிருக்கும். ஆர்.சி.சி.பி.யும் ஆளைக் காப்பாற்றத்தான், ஆம்ப்ளிஃபயரை அல்ல.

வாங்குவதாக இருந்தால் சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) ஒட்டியைப் பாருங்கள். எவ்வளவு பெரிய அடியைத் தாங்கும் என்று சொல்லும் ஜூல் அளவோ கிலோ ஆம்பியர் அளவோ, எத்தனை வோல்ட்டில் அடக்கும் என்பதோ அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவும் இல்லாமல் மின்னல் படம் மட்டும் இருந்தால் வேண்டாம். என்னைக் கேட்டால், டி.பி. பெட்டியிலேயே டைப் 2 எஸ்.பி.டி. (வீடு முழுவதற்குமான சர்ஜ் புரொடெக்டர்) போடுவதுதான் முதல் வேலை. அதன் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் மாற்றிவிட வேண்டும். வேரிஸ்டர் ஒவ்வோர் அடியிலும் தேயும் சாமான். ஆஸ்ட்ரோ சேட்டிலைட் டிவி தட்டிலிருந்து வரும் கேபிளையும் மறக்காதீர்கள். அந்த வழியாக டிகோடருக்குள் இறங்கி, எச்.டி.எம்.ஐ. வயர் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு இடி வந்துவிடும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் இருண்டால் பிளக், கேபிள் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். இடி நெருங்கிய பிறகு அவற்றைத் தொடப் போக வேண்டாம்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டியும் கடைக்காரர் மிரட்டிப் பார்த்தார். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் தன் விவரிப்புக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ரசீதில் எதை அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்துவிட்டேன். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். எக்ஸ்டென்ஷனின் விலையும் ரிப்பேர் செலவும் கேட்டிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

இதே கறுப்பு எக்ஸ்டென்ஷனை வாங்கியவர்கள் பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். வயர்மேனை வைத்துத் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விசாரணைக்கு அதையும் கொண்டு போகிறேன்.