கோடை விடுமுறை: சென்னையில் வேலையா, மதுரையில் வீடா?

செமஸ்டர் முடிந்ததும் எங்கே இருப்பது என்று குழம்பும் மதுரைப் பிள்ளைகளுக்காக இது.

பணம்: சென்னையில் சம்பளம் வரும், அறை வாடகை, மெஸ், பஸ் போக மிச்சம் கொஞ்சம்தான். ஊரில் வரவும் இல்லை, செலவும் இல்லை.

வேலை அனுபவம்: சென்னைதான்.

நண்பர்கள்: சித்திரைப் பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கும்போது, பள்ளிக்கூட நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்பது, அப்புறம் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. இதற்கு வாட்ஸ்அப் குரூப் ஈடாகாது.

வீடு: மொட்டை மாடியில் அப்பத்தா வடகம் காயப்போட, காக்கா விரட்டிக்கொண்டே கதை கேட்கலாம். சென்னை அறையில் போன்தான்.

இறுதியாண்டுக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போங்கள். முதலாண்டு முடித்தவர்கள் தயங்காமல் ஊருக்கு வாருங்கள். அப்பத்தா, தாத்தா இருக்கும் வீடென்றால், எந்த ஆண்டானாலும் பத்து நாளாவது வந்துவிடுங்கள்.