ஆயிரம் மடங்கு வேண்டாம், சின்னத் தராசு போதும்

உலோகம் தேடும் டிடெக்டரில் சத்தம் கேட்டு எடுத்த காசோ, தோட்டத்துக் கான் வெட்டும்போது மண்வெட்டியில் பட்ட காசோ, கையில் கிடைக்கும்போது பெரும்பாலும் ஒரு பச்சை வில்லைதான். அதை இன்னதென்று கண்டுபிடிக்க மூன்று மலிவுச் சாமான்களை வாங்குகிறார்கள்: 200 கிராம் வரை 0.01 கிராம் படியில் நிறுக்கும் பொக்கெட் தராசு, அகலம் அளக்கும் பிளாஸ்டிக் வேர்னியர், பெட்டியில் "1000 மடங்கு" என்று அச்சடித்த யூஎஸ்பி மைக்ரோஸ்கோப். கண்டியிலும் ஹட்டனிலும் கடைகளில் தேடலாம், ஒன்லைனிலும் எடுக்கலாம். முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மூன்றாவதை வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

தராசு பெட்டியில் வந்தபடியே ஓரளவு சரியாகத்தான் காட்டும். சரிபார்க்கும் 100 கிராம் படிக்கல் பெரும்பாலும் கூட வராது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: 80 ஜீஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று கணக்குப்படி 4.99 கிராம். பத்துத் தாளை மடித்து வைத்தால் 50 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். நுவரெலியா மழைக்காலத்தில் திறந்து கிடந்த தாள் ஈரம் குடித்துக் கொஞ்சம் கூடக் காட்டும், அதற்காகத் தராசைத் திட்டாதீர்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்தவுடன் எண் ஊர்ந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு நிறுங்கள். மலையில் புவியீர்ப்பு குறைவாமே என்று கேட்பவர்களுக்கு: நுவரெலியா உயரத்தில் 10 கிராம் காசுக்கு வரும் வித்தியாசம் 0.01 கிராமைக்கூட எட்டாது.

இனி எண்கள். விக்டோரியா காலத்து இலங்கைச் செப்பு ஒரு சதம் (1870 முதல்) 4.72 கிராம், 22.5 மில்லிமீற்றர். அரைச் சதம் 2.36 கிராம், 18 மில்லிமீற்றரை ஒட்டி. கால் சதம் 1.18 கிராம். வெள்ளியில் 10 சதம் 1.17, 25 சதம் 2.92, 50 சதம் 5.83 கிராம். இந்தியச் செப்புக் கால் அணா 6.47 கிராம், 25 மில்லிமீற்றர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசான துயிட் 3 கிராமை ஒட்டி, 21, 22 மில்லிமீற்றர். தேய்ந்த காசு இந்த எண்களுக்குக் கீழேதான் நிற்கும். மேலே நின்றால் ஒன்று மண்ணும் களிம்பும் ஒட்டியிருக்கிறது, இல்லையென்றால் அது வேறு காசு.

கால் சதமும் வெள்ளிப் பத்துச் சதமும் எடையில் இரட்டைப் பிள்ளைகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேர்னியர் வேண்டியது இதற்குத்தான்: பத்துச் சதம் 15.5 மில்லிமீற்றர், கால் சதம் அதைவிடச் சிறியது. இரும்பு வேர்னியர் செம்பைக் கீறிவிடும், பிளாஸ்டிக்கே நல்லது.

அதிகம் பேர் தவறுவது வேறோர் இடத்தில். 1942 முதல் 1945 வரை வந்த ஒரு சதம் போர்க்காலச் சிக்கனத்தில் மெலிந்தது. அகலம் அதே 22.5, எடையோ பாதி, 2.36 கிராம். தேயிலை மண்ணின் பீஎச் 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் பல ஆண்டு கிடந்த துயிட்டும் அரித்து அரித்து 2.4 கிராமுக்கு வந்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்தால் எழுத்தில்லாத இரண்டு பச்சை வட்டங்கள்தான். விளிம்பைப் பாருங்கள். சதம் கச்சிதமான வட்டம், ஓரத்தில் மேடு ஓடும். துயிட் சற்றுக் கோணல், தடிப்பும் இடத்துக்கிடம் மாறும். துயிட்டில் கடைசிவரை அழியாமல் நிற்பது கம்பனி முத்திரையின் பெரிய "வி" எழுத்தின் இரண்டு கால்கள். சதத்தில் நிற்பது பனைமரத்தின் தண்டு.

அந்தக் கால்களையும் தண்டையும் பார்க்கத்தான் மைக்ரோஸ்கோப் என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். 1000 மடங்கு என்பது பெட்டியில் மட்டும். நடைமுறையில் 20 முதல் 200 மடங்கு வரைதான், அதிலும் உச்சத்தில் ஒரு எழுத்துக்கூட முழுதாகப் படத்துக்குள் அடங்காது. அதைவிடப் பெரிய குறை வெளிச்சம். லென்ஸைச் சுற்றி வளையமாக எட்டு எல்ஈடி. எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளி விழுந்தால் நிழல் செத்துவிடும். நிழல் இல்லாமல் தேய்ந்த மேடு எப்படித் தெரியும்? வயரில் இருக்கும் திருகை முழுக்கக் குறைத்து அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, போன் டொர்ச்சைப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாக 10, 15 பாகை சரிவில் பிடியுங்கள். காசை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் தண்டு பளிச்சென்று எழுந்து நிற்கும், அடுத்த கோணத்தில் மறையும். அந்த நொடியில் படம் எடுத்துக்கொள்ள மட்டுமே இந்தக் கருவி பயன்படும். 10 மடங்கு கைலென்ஸும் போன் கமராவும் இருந்தால் அதுவும் தேவையில்லை. ஸ்டாண்டோ, மேசையில் கை பட்டாலே ஆடும். பல மொடல்கள் ஐபோனில் வேலை செய்யாது, அன்ட்ரொயிட்டுக்கும் போனோடு இணைக்க ஓடீஜீ கேபிள் வேண்டும்.

அரைச் சதத்துக்கும் பிரித்தானியச் செப்புக் காசான அரை பார்திங்குக்கும் இந்தச் சரிவு ஒளி மட்டுமே தீர்ப்புச் சொல்லும். 1828இல் தொடங்கிய அரை பார்திங் இலங்கைக்கென்றே அடிக்கப்பட்டது. எடையும் அகலமும் அரைச் சதத்தோடு ஏறக்குறைய ஒன்று, விக்டோரியா தலையும் இரண்டிலும் உண்டு. பின்பக்கம் நடுவில் பனைமரத் தண்டின் நெட்டுக்கோடு எழுந்தால் சதம், மேலே கிரீடத்தின் வளைவு எழுந்தால் பார்திங். கறுத்த செம்பில் ஒளியும் கைவிட்டால், உலர்ந்த திருநீற்றை விரலால் தடவி ஊதிவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கும்.

தராசுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கி, 50 சதக் காசை நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் அமிழ்த்துங்கள். திரையில் வருவது காசின் கன அளவு, கன சென்ரிமீற்றரில். 1917 வரையிலான 80 வீத வெள்ளி 0.57, 0.58 காட்டும், 1919 முதலான 55 வீத வெள்ளி 0.60. செப்பு நிக்கல் போலி 0.65க்கு மேல் போகும். தேய்ந்த காசானால் அதன் எடையைத் திரையில் வந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 10.1 பக்கம் வந்தால் பழைய வெள்ளி, 9.7 பக்கம் வந்தால் பிந்தியது. 25 சதத்தில் இதைச் செய்யாதீர்கள், 0.29க்கும் 0.30க்கும் இடையே இந்தத் தராசை நம்ப முடியாது.

புளி, தேசிக்காய், பிராசோ மூன்றும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி. அரித்த செப்புக் காசில் எழுத்து நிற்பதே அந்தப் பச்சைத் தோலில்தான், தோல் போனால் எழுத்தும் போச்சு. பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில் வோட்டரில் ஒரு வாரம் ஊறவிட்டு, தினம் மாற்றி, பல்குத்தும் குச்சியால் மண்ணை எடுங்கள். கடையில் அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், லேபலைப் பார்த்து வாங்குங்கள்.

எடை, அகலம் எதிலும் பொருந்தாத பித்தளை வட்டம் வந்தால் எறிந்துவிடாதீர்கள். கோப்பிக் காலத்துக் கம்பனிகள் கூலிக்குக் கொடுத்த டோக்கனாக இருக்கலாம், அவை எந்த நாணய அட்டவணைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. தோட்ட எண் பொறித்த தகர வில்லையாக இருந்தால், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிடம் இருந்த டின் டிக்கெட்டா என்று பாருங்கள். யானை தெரியும் தடித்த செப்புக் கட்டி 1801 முதல் வந்த ஆங்கிலேயர் காசு. அதற்கும் முந்தியது போல் தெரிந்தாலோ, ஓரிடத்தில் குவியலாக வந்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டுத் தொல்பொருளியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது சொந்தக் காணியில் என்றாலும் குற்றம்.