கராச் சுவருக்கு எது நல்லது: பூச்சா, பட்டியா, நேரே பெயின்றா?

வீட்டு வேலை கராச்சுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் கையில் காசு தீர்ந்திருக்கும். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் முன்பக்கம் பளபளக்க, கராச்சில் மட்டும் புளொக் கல் இடுக்குகளில் சாந்து பிதுங்கியபடி நிற்கிறது. பிறகு ஒருநாள் அதைச் சீராக்கலாம் என்று கேட்டால் மேசன் பூச்சு என்பார், பெயின்ற் அடிப்பவர் பட்டி (பெயின்றுக்கு முன் சுவரை வழவழப்பாக்கத் தடவும் பசை) என்பார், வீட்டுக்காரர் இரண்டும் வேண்டாம், நேரே அடித்துவிடலாம் என்பார்.

நேரே பெயின்ற் அடிப்பதுதான் மலிவு. ஆனால் பார்ப்பதற்குத் தெரிகிற அளவு மலிவு இல்லை. சொரசொரப்பான சுவர் பெயின்றைக் குடிக்கும். பிதுங்கிய சாந்தை உளியால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சீமெந்தின் காரம் தாங்கும் பிறைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கை அடித்த பிறகுதான் இமல்ஷன் என்கிற தண்ணீர்ப் பெயின்ற் கணக்குக்குள் நிற்கும். பலகை அடித்து வார்த்த கொங்கிறீற் என்றால் முதலில் சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்து முத்தாக நின்றால் பலகைக்குப் பூசிய எண்ணெய் இன்னும் சுவரில் இருக்கிறது. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவாமல் எதை அடித்தாலும் உரியும்.

பட்டிதான் அழகு. ஆனால் அது ஓரிரு மில்லிமீற்றர் கனத்துக்கான சாமான். சிறு துளைகளை மூடும். கோணிய புளொக் வரிசையை நேராக்காது. மேடு பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பப் போனால் வெடிக்கும். கார்க்கதவு இடித்தாலும் ஏணி சாய்ந்தாலும் முதலில் பெயர்வது அதுதான்.

மூன்றாவது, அரை அங்குல சீமெந்துப் பூச்சு. ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் போதும். வழவழப்பான கொங்கிறீற் என்றால் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும். ஒரு கிழமை நனைத்து, நாலு கிழமை காயவிட்டுப் பெயின்றுக்குப் போக வேண்டும். செலவும் காத்திருப்பும் கூடத்தான். ஆனால் இடியைத் தாங்குவது இது ஒன்றே.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். இங்கே முடிவைச் சொல்வது உப்பு. கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரிலோ சரியாகக் கழுவாத கடல் மணலிலோ குழைத்த சாந்து, மாரி முடிந்து வெயில் ஏறியதும் பூக்கத் தொடங்கும். தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் பஞ்சு போல வெள்ளையாக நிற்கும். விரலால் தொட்டால் உதிரும். அந்த இடத்தில் பட்டி போட்டிருந்தால் நகத்தால் சுரண்டினாலே ஈரமாவாகக் கையோடு வரும், ஜிப்சம் கலந்த பட்டி என்றால் இன்னும் சுருக்காக. எனாமலும் வேண்டாம். சீமெந்தின் காரம் எண்ணெய்ப் பெயின்றைச் சவர்க்காரமாக்கிவிடும், உள்ளே அடைபட்ட ஈரம் அதைக் கொப்பளமாகத் தள்ளும்.

சந்தேகமென்றால் ஒன்றரை அடிப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்தால் பெயின்ற் ரின்னைத் திறக்க வேண்டாம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும்.

என் தெரிவு இரண்டும் கெட்டான் போலத்தான் தெரியும்: கார்க்கதவு திறக்கிற பக்கச் சுவருக்கு மட்டும் பூச்சு, மற்றவற்றைத் தேய்த்து நேரே இமல்ஷன். எந்தச் சுவரானாலும் கீழ் மூன்று அடிக்குப் பட்டி கிடையாது. உப்புப் பூக்கிற சுவருக்குப் பழைய சுண்ணாம்பே போதும். அது மூச்சு விடும், உடுப்பில் ஒட்டும் என்பதுதான் குறை. வருடத்துக்கு ஒருதரம் பொங்கலுக்கு வீட்டோடு சேர்த்து அடித்துக்கொள்ளலாம்.

வேலைக்கு ஆனி, ஆடி நல்லது, சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். சோளகக் காற்று அள்ளிவரும் புழுதிதான் தொல்லை. தரைக்குத் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்திவிட்டு, வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள்.