வயதான கறிமாட்டை எப்போது, எந்த வழியில் விற்பது?

கறிக்காகக் கன்று வளர்த்து விற்கும் பண்ணையில், மந்தையிலிருந்து கழித்து விற்கும் பசுக்களிலிருந்து வருவது ஆண்டு வருமானத்தில் பொதுவாக 10 முதல் 20 சதவீதம். அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் கன்றுக்கு எடை பார்த்து, விலை விசாரித்து, நாள் தள்ளிப்போட்டு விற்கிறவர்கள், கிழட்டுப் பசு என்றால் வண்டியில் இடம் இருக்கிற அன்று ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: அந்தப் பசுவைத் தாயாக விற்கப் போகிறோமா, கறியாக விற்கப் போகிறோமா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சினைப் பசுவின் விலை நாலு முதல் ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும். அதன்பின் இறங்க ஆரம்பிக்கும், கடைசியில் அடிமாட்டு விலையில் போய் நிற்கும். நல்ல கன்று கொடுப்பது ஒன்பது, பத்து வயதுவரை தொடரும் என்பதால் இந்த இறக்கம் பண்ணைக்காரரின் கண்ணில் படுவதில்லை. பத்தைத் தாண்டினால் சினை பிடிப்பது குறையும், பல் தேயும், கன்றும் முன்பு போல எடை ஏறாது. மணல் கலந்த தரையிலும் முரட்டுப் புல்லிலும் மேய்ந்த மாட்டுக்குப் பல் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

ஆக, இரண்டு வழி. ஏழு, எட்டு வயதில், பல் முழுசாக இருக்கும்போதே சினையோடு இன்னொரு பண்ணைக்கு விற்பது ஒன்று. சினை நிற்காமல் போகும்வரை வைத்திருந்து கறிக்கு அனுப்புவது இன்னொன்று. முதல் வழியில் நல்ல விலை கிடைக்கும், ஆனால் அந்த இடத்துக்குக் கிடேரி வேண்டும். கிடேரி வளர்ந்து முதல் கன்று போட ஏறக்குறைய இரண்டு ஆண்டு வருமானமில்லாமல் தீனி போட வேண்டும். முதல் ஈற்றில் சிக்கல் அதிகம், அது முடிந்து இரண்டாவது முறை சினை பிடிப்பதும் அதற்குக் கடினம். இரண்டாவது வழியில் கூடுதலாக ஒன்றிரண்டு கன்று கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரு பந்தயம் கட்டுகிறோம்: இந்தத் தடவையும் சினை பிடிக்குமா?

என் கணக்கில், மேய்ச்சல் முரடாக இருக்கும் பண்ணைக்கு முதல் வழிதான் சரி. கிடேரி விலை எகிறிக் கிடக்கும் காலத்தில் மட்டும் இதை மாற்றிக்கொள்வேன். வறட்சிக்குப் பிறகு எல்லோரும் மந்தையைத் திரும்பப் பெருக்கும் சமயத்தில், ஒரு கன்று கூடுதலாகக் கொடுக்கக்கூடிய கிழவிக்குக்கூட மதிப்பு உண்டு.

எந்த வழியானாலும் சினைப் பரிசோதனை செய்யாமல் எதையும் ஏற்றக்கூடாது. 30 நாள் கருவை ஸ்கேனில் பார்த்துவிடலாம், கைவிட்டுப் பார்ப்பதற்கு இன்னும் சில நாள் வேண்டும். சினைப் பசுவைத் தெரியாமல் கறி விலைக்குக் கொடுப்பது எவ்வளவு நஷ்டமோ, வறட்டுப் பசுவுக்குத் தெரியாமல் ஒரு பருவம் முழுக்கத் தீனி போடுவதும் அவ்வளவு நஷ்டம்.

சரி, சினை இல்லை, கறிக்குத்தான் என்று ஆகிவிட்டது. இப்போதே விற்பதா, கொஞ்ச நாள் தீனி போட்டுத் தேற்றி விற்பதா?

உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு மதிப்பெண் ஏறினால் சுமார் 35–45 கிலோ கூடும். 3, 4 மதிப்பெண்ணில் இருக்கும் ஒல்லியான, ஆனால் நோயில்லாத பசுவுக்குத் தீனி போட்டால் வேகமாகத் தேறும், ஏனென்றால் பட்டினி கிடந்த உடம்பு இழந்த சதையைத்தான் முதலில் மீட்கிறது. தானியம் தின்னும்போது புல் மேய்ந்த மாட்டின் மஞ்சள் கொழுப்பும் வெளுக்கும், சில சந்தைகளில் வெள்ளைக் கொழுப்புக்குக் கூடுதல் விலை.

ஒரு கணக்கு போடுவோம். 500 கிலோ பசு, கிலோவுக்கு 100 என்று வையுங்கள் (எந்தப் பணமானாலும் சரி). இன்று விற்றால் 50,000. எண்பது நாளில் 100 கிலோ ஏறி, தரமும் பருவமும் சேர்ந்து கிலோ விலை 112 ஆனால் 67,200. வித்தியாசம் 17,200, அதாவது ஒரு நாளைக்கு 215. தீனி, வட்டி, வேலையாள், ஒன்றிரண்டு செத்துப்போகும் அபாயம் எல்லாம் இந்த 215க்குள் அடங்க வேண்டும். அதே பசு தேறி நிற்கும்போது விலை 95க்கு இறங்கிவிட்டால்? 57,000தான். நாளுக்கு 87 ரூபாயோ டாலரோ, அதில் தீனிச் செலவே தேறாமல் போகலாம். ஏறிய எடையைவிட ஏறிய விலைதான் இங்கே லாபத்தைத் தீர்மானிக்கிறது. ஏற்கெனவே இருந்த 500 கிலோவுக்கும் சேர்த்து அது ஏறுகிறதே!

இளங்காளையைப் போலக் கிழட்டுப் பசு தீனியைச் சதையாக மாற்றாது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு கிலோ ஏற அதற்கு 10, 11 கிலோ உலர் தீவனம் பிடிக்கும். மூன்று மாதத்தைத் தாண்டினால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்புதான். ஏற்கெனவே 6, 7 மதிப்பெண்ணில் இருக்கும் பசுவுக்குத் தீனி போடுவது வெட்டி வேலை, அதை உடனே விற்றுவிடலாம். பல் இல்லாததைத் தேற்ற நினைத்தால் அரைத்த தீனியாவது வேண்டும். நொண்டியையும் கண்ணில் புற்று வைத்ததையும் தேற்றப் பார்ப்பது வீண். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவற்றின் விலை இறங்கும்.

பருவம் பற்றிச் சுருக்கமாக: வசந்தத்தில் கன்று ஈனும் மந்தைகள் உள்ள வட அமெரிக்கா போன்ற இடங்களில், இலையுதிர்காலத்தில் தாயிடமிருந்து கன்றைப் பிரித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பசுக்களைக் கழிக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் விலை அடிமட்டம், குளிர்காலம் கழிந்தால் ஏறும். இதைச் சமாளிக்க வைத்திருந்து விற்பதைத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். கன்றை முன்கூட்டியே பிரித்து, நெரிசலுக்கு முன்னால் விற்பது இன்னும் மலிவான வழி. பால் கொடுத்து இளைப்பதற்கு முன்பே பசு போய்விடுகிறது, புல்லும் மிச்சம்.

விற்கும் இடத்துக்கு வருவோம். ஏலச் சந்தையின் வசதி, ஒரே ஒரு மாடானாலும் கொண்டுபோகலாம், கேட்பவர்கள் பலர். ஆனால் கமிஷன், வண்டிச் செலவு தவிர, பயணத்திலும் காத்திருப்பிலும் எடை இறங்குகிறது. 6 சதவீதம் குறைந்தாலே 550 கிலோ பசுவில் 33 கிலோ போச்சு. வீட்டு வாசலில் வியாபாரியிடம் விற்றால் இது மிச்சம். எடை பார்க்காமல் கண்மதிப்பில் கொடுத்தால் மட்டும் மிச்சமானதெல்லாம் அவர் பைக்குப் போகும்.

மூன்றாவது வழி, அறுத்தபின் தொங்கும் எடைக்கு, அதாவது தோல், தலை, குடல் நீக்கித் தொங்கவிட்ட உடலின் எடைக்கு, இறைச்சி ஆலையிடம் விற்பது. ஒல்லிப் பசுவில் உயிர் எடையில் பாதிகூடத் தேறாது, சதைப்பிடிப்பானதில் 53, 55 சதவீதம்வரை வரும். 500 கிலோவில் 48க்கும் 53க்கும் இடையே 25 கிலோ கறி. ஆகவே வயிறு மட்டும் பெரிதாகத் தெரியும் பசுவை உயிரோடு விற்பதும், நன்றாகத் தேற்றியதைத் தொங்கும் எடைக்கு விற்பதும்தான் விற்பவருக்கு லாபம். ஆனால் உணவுக்கு ஆகாது என்று ஆலையில் உடல் ஒதுக்கப்பட்டால் அந்த நஷ்டம் விற்றவர் தலையில். காயம் கன்றிய இடம், ஊசி போட்ட இடம் வெட்டி எறியப்படுவதும் அப்படியே. எனவே ஊசியைக் கழுத்தில் மட்டும் போடுங்கள். மருந்து கொடுத்த மாட்டை, லேபிளில் உள்ள விலக்கு நாள் (மருந்து கொடுத்தபின் கறிக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டிய நாள்) முடியும்வரை எந்தச் சந்தைக்கும் கொண்டுபோக வேண்டாம்.

எழுந்து நிற்க முடியாத பசுவுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. 2003 டிசம்பரில் அமெரிக்காவில் பித்துப்பசு நோய் (மாட்டின் மூளையைத் தாக்கும் ‘மேட் கவ்’ நோய்) கண்டுபிடிக்கப்பட்டபின், நிற்க இயலாத மாட்டின் இறைச்சி மனித உணவுக்குப் போவது அங்கே தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்டதை வண்டியில் இழுத்துப் போடாமல், மருத்துவரை வரவழைத்துப் பண்ணையிலேயே வலியில்லாமல் முடித்துவிடுவதுதான் முறை. அதற்கும் செலவு உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் லேசாக நொண்டியபோதே அது விற்கக்கூடிய மாடாகத்தான் இருந்திருக்கும்.