மார்க் லிஸ்ட்டுக்கு மூன்று அரேயா, ஒரு கிளாஸா?

ஜாவா படிக்கத் தொடங்கிய சில வாரங்களில் எல்லோர் கைக்கும் ஒரு மார்க் லிஸ்ட் புரோகிராம் வந்து சேரும். பெயர், ரோல் நம்பர், மதிப்பெண். கையில் இருப்பது அரே, அதாவது ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல் மட்டும்தான். ஆகவே மூன்றுக்கும் மூன்று அரே போட்டு, ஒரே இண்டெக்ஸில் (வரிசை எண்ணில்) இருப்பதெல்லாம் ஒரே மாணவருடையது என்று மனசுக்குள் வைத்துக்கொள்கிறோம். இதுதான் பேரலல் அரே. இன்னொரு வழி, ஸ்டூடன்ட் என்று ஒரு கிளாஸ் (ஒரு மாணவருக்கான அச்சு) எழுதி மூன்றையும் அதற்குள் போட்டு, அந்த அச்சில் உருவாகும் ஆப்ஜெக்ட்களுக்கு ஒரே அரே வைப்பது.

பேரலல் அரேயை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. கன்ஸ்ட்ரக்டர், திஸ் என்று எதுவும் தெரியாமலேயே அவுட்புட் வந்துவிடுகிறது. ஃபார் லூப் கைக்குப் பழகவும் நல்ல வழி. ஃபோர்ட்ரான் என்ற பழைய புரோகிராமிங் மொழியின் ஸ்டாண்டர்டில் பல வகைத் தகவலை ஒரே கட்டாகக் கட்டும் வசதி ஃபோர்ட்ரான் 90-இல்தான் வந்தது. அதுவரை பெரிய பெரிய புரோகிராம்களையே இப்படித்தான் ஓட்டினார்கள்.

வினை சார்ட் செய்யும்போதுதான், அதாவது வரிசைப்படுத்தும்போதுதான் வருகிறது. கயல் 72, முருகன் 91, ஷாலினி 31 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் அரேயை மட்டும் ஜாவாவிலேயே இருக்கும் அரேஸ்.சார்ட்டுக்குக் கொடுத்தால் அது 31, 72, 91 என்று வரிசையாகிவிடும். பெயர் அரே இருந்த இடத்திலேயே இருக்கும். பிரிண்ட் செய்து பார்த்தால் கயல் 31, முருகன் 72, ஃபெயிலான ஷாலினி 91 எடுத்து முதலிடம்! கம்பைலர் வாயே திறக்காது, ஓடும்போது வரும் பிழையான எக்ஸெப்ஷனும் கிடையாது. மூன்று பேர் என்பதால் கண்ணில் பட்டது. நாற்பது பேர் என்றால் யார் பார்க்கப் போகிறார்கள்?

சரி, பக்கத்துப் பக்கத்து மதிப்புகளை ஒப்பிட்டு இடம் மாற்றும் பபுள் சார்ட்டை நாமே எழுதலாம். ஒரு ஸ்வாப்புக்கு (இடமாற்றத்துக்கு) மூன்று வரி, மூன்று அரேக்கு ஒன்பது வரி. நாளைக்கு போன் நம்பரும் வேண்டும் என்றால் பன்னிரண்டு. அந்த நான்காவது ஸ்வாப்பை மறந்தால் பழைய கதைதான். ஆப்ஜெக்ட் அரேயில் எத்தனை விவரம் சேர்த்தாலும் ஸ்வாப் மூன்று வரியைத் தாண்டாது. பெயரும் மார்க்கும் ஒன்றாகவே நகரும்.

அதற்காக ஆப்ஜெக்ட் பக்கம் எல்லாம் சுகம் என்றில்லை. நியூ போட்டு 40 இடமுள்ள ஸ்டூடன்ட் அரே உருவாக்கினால் 40 மாணவர்கள் வந்துவிட்டதாக நினைப்போம். வந்தது 40 காலி நாற்காலி. ஒவ்வொன்றிலும் இருப்பது நல். உட்காரவைக்காமல் பெயரைக் கேட்டால் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். இன்ட் அரே என்றால் குறைந்தபட்சம் பூஜ்ஜியமாவது இருக்கும். இதைவிடக் குழப்பும் தவறு ஒன்று உண்டு. நியூ ஸ்டூடன்ட் வரியை லூப்புக்கு வெளியே ஒரே முறை எழுதிவிட்டு, உள்ளே பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நாற்பது இடத்திலும் கடைசி மாணவர் பெயரே வரும். எல்லா நாற்காலியும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுகின்றன. ஆனாலும் இந்தத் தவறுகள் முதல் ரன்னிலேயே முகத்தில் அறைந்துவிடும். சார்ட் தவறு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் என் ஓட்டு ஆப்ஜெக்டுக்கு.

கிளாஸ் எழுத அலுப்பாக இருந்தால், ஜாவா 16 முதல் ரெக்கார்ட் என்ற சுருக்கமான கிளாஸ் வகை இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஒருமுறை வைத்த மார்க்கை அதில் மாற்ற முடியாது, புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

வேகத்தைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். இன்ட் அரேயில் எண்கள் மெமரியில் அடுத்தடுத்து இருப்பதால் பேரலல் அரே வேகமாக ஓட வாய்ப்புண்டுதான். அது லட்சக்கணக்கில் டேட்டா வரும்போது பார்க்க வேண்டியது. நாற்பது பேருக்கு இல்லை.

நான் இன்னும் பேரலல் அரே போடும் இடம் ஒன்று இருக்கிறது: மாதங்களின் பெயர் ஒரு அரே, நாட்களின் எண்ணிக்கை இன்னொரு அரே. பன்னிரண்டை யாரும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை, சார்ட்டும் செய்யப் போவதில்லை. பிப்ரவரிக்கு மட்டும் ஒரு இஃப் போட்டால் போதும்.