ஒன்பது கண்ணாடியும் ஒரு சாரித் தலைப்பும்

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடக்கிறது. அதற்குள் எட்டு மூக்குக்கண்ணாடி. ஒன்பதாவது என் மூக்கில். பொங்கலுக்கு வீடு கழுவியபோது டின்னைத் திறந்து, எட்டையும் டியூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்த்தேன். உடைந்தது ஒன்றே ஒன்றுதான். ஐந்து கீறலால் போனவை. கீறல் எல்லாம் நடுவில், வட்டம் வட்டமாக, சட்டியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்த மாதிரி. கீழே விழுந்த கண்ணாடி அப்படி வட்டமாகக் கீறுப்படாது. அது என் பெருவிரலும் சாரித் தலைப்பும் சேர்ந்து செய்த வேலை.

வீடு மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம். படிப்பிப்பது விஞ்ஞானம். வலது கண் −4.75, இடது −5.25, சிலிண்டர் பவர் கொஞ்சம், நாற்பதைத் தாண்டிய பிறகு வாசிப்புக்கு +1.75. கண்ணாடிக் கடையும் வைத்திருக்கவில்லை, கண் டொக்டரும் இல்லை. இது போட்டுப் பழகியவளின் கணக்கு மட்டும்.

முதல் கண்ணாடி 1991 இல், எட்டாம் வகுப்பில் வந்தது. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதை டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அந்த வில்லை அசல் கண்ணாடி. அதன் அடர்த்தி 2.5; இப்போதைய பிளாஸ்டிக் வில்லை 1.3 தான். பின்னேரம் கழற்றினால் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம் இருக்கும். பாவாடையில் துடைத்தேன், கையில் கிடைத்த லேஞ்சியில் எல்லாம் துடைத்தேன், நான்கு வருடத்தில் ஒரு கீறல் இல்லை. பிறகு சீமெந்து நிலத்தில் ஒரே ஒரு தரம் விழுந்தது. இடது பக்கம் சிலந்திவலை. கண்ணில் தெறிக்காமல் விட்டது புண்ணியம்.

அடுத்து வந்தது சீ.ஆர்.39. கடையில் ‘சாதாரண பிளாஸ்டிக்’ என்பார்கள். கொலம்பியா ரெசின் என்ற வரிசையில் 39 ஆவது கலவை, அதனால் அந்தப் பெயர். 1940 களில், உலகப் போர்க் காலத்தில் வந்த பொருள். பழசு என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. வில்லை ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பதை அளக்க அபே எண் என்று ஒன்று இருக்கிறது. எண் கூடக்கூட நிறப்பிரிவு குறைவு. சீ.ஆர்.39 க்கு 58. ஒளியை வளைக்கும் அளவை முறிவுச் சுட்டி என்போம்; அது 1.67 ஆக உள்ள, விலை கூடிய வில்லைக்கு 32. அந்த 1.67 ஐ நானும் ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கினேன். மெல்லியதுதான், முகத்துக்கும் வடிவுதான். ஆனால் ஓரத்தால் பார்க்கும்போது ஜன்னல் கம்பிக்கு நீலமும் மஞ்சளும் கரை கட்டியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது என்றாலும், வகுப்பில் அரியத்தை வைத்து நிறப்பிரிகை காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குள் சிரிப்பு வரும். இன்னொன்று, முறிவுச் சுட்டி கூடினால் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியும் கூடும். சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு பக்கத்துக்கு 4 வீதம், 1.67 இல் 6 வீதத்துக்கு மேல். ஆகவே அந்த வில்லைக்குத் தெறிப்பைக் குறைக்கும் கோட்டிங் கட்டாயம். அது இல்லாமல் மலிவாகத் தருகிறோம் என்றால் வாங்க வேண்டாம்.

மெல்லிசு வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் பிரேமைச் சின்னதாக்குங்கள். கண்ணாடிக் காலின் உட்பக்கத்தில் 50, 18, 140 என்ற மாதிரி மூன்று எண் அச்சடித்திருக்கும். முதலாவது வில்லையின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம், மூன்றாவது காலின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். என்னைப் போல மைனஸ் பவர்க்காரருக்கு வில்லை ஓரத்தில்தான் தடிக்கும். அந்தத் தடிப்பு அகலத்தின் வர்க்கத்தோடு ஏறும். 54 ஐ விட்டு 46 க்கு வந்தால் நடுவுக்கு மேலான ஓரத் தடிப்பில் கால்வாசி போய்விடும். சீ.ஆர்.39 ஐ விட்டு 1.67 க்குப் போனாலும் ஏறக்குறைய அதே கால்வாசிதான். ஒன்றுக்குக் காசில்லை, மற்றதுக்கு 2022 இல் டொலர் ஏறிய பிறகு கேட்ட விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இனிப் பாதை. வெளியூர்க்காரருக்காக ஒரு சொல்: பாதை என்றால் எங்களுக்குத் தெரு மட்டும் இல்லை, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகும் பாதைதான். குருமண்வெளியில் ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கி, பதினொரு வருடம் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனேன். வாவிக்கு நடுவில் வெயில் மேலேயும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழேயும் அடிக்கும். அதற்காகவே வெயிலில் கறுக்கும் வில்லை எடுத்தேன். பாதையில் நன்றாக வேலை செய்தது. ஆனால் ஸ்கூட்டியில் போகும்போது கறுக்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு கிழமை மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் பிடிபட்டது: அந்த வில்லையைக் கறுக்கவைப்பது வெளிச்சம் இல்லை, புறஊதாக் கதிர். என் ஹெல்மட்டின் முன்கண்ணாடி பொலிகார்பனேற் என்ற பிளாஸ்டிக். அது புறஊதாவை வடிகட்டிவிடுகிறது. முன்கண்ணாடியைத் தூக்கினால் அரை நிமிடத்தில் கறுத்தது. காருக்குள்ளும் இதே கதைதான். இன்னொரு குணம், சூடு கூடினால் குறைவாகத்தான் கறுக்கும். பிள்ளைகளோடு நுவரெலியா போன அன்று என் கண்ணாடி கூலிங் கிளாஸ் போலக் கறுத்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். எங்கள் ஊர் ஆடி வெயிலில் அது ஒருநாளும் அந்தளவுக்கு வந்ததில்லை. வகுப்புக்குள் நுழைந்தால் தெளிய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதுவரை பின்வாங்குக்காரருக்குக் கொண்டாட்டம். மூன்றாம் வருடம் உள்ளேயும் மஞ்சள் சாயல் நின்றுவிட்டது. திரும்பவும் எடுப்பேனா என்றால், இல்லை. பவர் போட்ட ஒரு கூலிங் கிளாஸ் தனியாக வைத்திருப்பது மேல்.

அதே பாதையில்தான் ஒருநாள் திருகாணி கழன்று வாவிக்குள் போனது. வில்லை மடியில் விழுந்ததால் தப்பியது. கரை தெரியவில்லை, எனக்கு 20 சென்ரிமீற்றருக்கு அப்பால் எல்லாமே புகைதான். சாரியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, திருகாணித் துளையில் செருகி வளைத்து, அன்று எட்டுப் பாடவேளையும் அப்படியே படிப்பித்தேன். அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்கிறேன். மாதம் ஒருமுறை திருகாணியை இறுக்கி, அதன் தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பொட்டு. கைப்பைக்குள் எப்போதும் பழைய கண்ணாடி ஒன்று. பவர் கால் குறைந்தாலும் வீடு வந்து சேரப் போதும்.

நகப்பூச்சைச் சொன்னேன், அதை அழிக்கும் திரவத்தைக் கண்ணாடிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். புதுப் பிரேமில் விலைச்சீட்டின் பசை ஒட்டியிருந்தது என்று பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அசிற்றோன் கரைக்கும் பொருட்களை வகுப்பில் பட்டியல் போட்டுப் படிப்பிப்பவள் நான். என் பிரேம் செலுலோசு அசிற்றேற். கால் களிபோல இளகி, என் விரல் ரேகை அதில் இன்றைக்கும் அச்சாக இருக்கிறது. பொலிகார்பனேற் வில்லையும் அசிற்றோனுக்கு ஆகாது.

துடைப்பதைப் பற்றி நான் மாறியது நான்கு வருடத்துக்கு முன்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடியில் படிவது தூசி இல்லை, மணல் பொடி. மணல் என்றால் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7. அதைப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்து உலர்ந்த துணியால் தேய்த்தால் அரத்தாளால் தேய்த்த மாதிரித்தான். இப்போது பள்ளிக்கூடத்தால் வந்ததும் குழாயைத் திறந்து, முதலில் தண்ணீர் ஓடவிட்டு மணலைக் கழுவுகிறேன். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி, விரல் நுனியால் இரண்டு பக்கமும், மூக்குப்பட்டைக்குப் பின்னாலும். திரும்ப அலசி, உதறி, மெல்லிழைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றில் உவர் கொஞ்சம் உண்டு. தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், ஆகவே உடனே ஒற்ற வேண்டும். முகச் சவர்க்காரம் வேண்டாம், அதில் உள்ள எண்ணெய்ப் பசை படலம் கட்டுகிறது. ஜன்னல் துடைக்கும் நீலத் திரவமும் கோட்டிங்குக்குக் கூடாது. துணியைத் தனியாகக் கழுவுங்கள். வாசனைத் திரவத்தில் ஊறிய துணி கண்ணாடியைத் துடைக்காது, பூசும்.

டின்னில் உள்ள ஆறாவது கண்ணாடியில் கீறல் குறைவு, ஆனால் வெளிச்சத்தில் சரித்தால் காய்ந்த குளத்து மண் போல நுண்ணிய வெடிப்பு முழுக்க. அது சூட்டின் வேலை. ஸ்கூட்டியின் இருக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்திவிட்டேன், ஒருநாள் இரண்டு நாள் இல்லை. பிளாஸ்டிக் சூட்டில் விரிகிறது, மேலே உள்ள கோட்டிங் அதே அளவுக்கு விரியாது, வெடிக்கிறது. வெடித்த கோட்டிங்கை ஒட்ட வழியே இல்லை. பிட்டு அவிக்கும்போது ஆவி படிந்தால் பயப்பட வேண்டாம், அது தானாகப் போகும். அடுப்பு வாயைக் குனிந்து ஊதுவதுதான் கெடுதல்.

மூக்குப்பட்டையைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடிப்பது பலருக்கு அருவருப்பு. பிரேம் உலோகத்தில் கலந்த செம்பு வியர்வையோடு சேர்ந்து செய்வது அது. சின்னக் காசுக்குப் பட்டையை மாற்றித் தருவார்கள். நான் வருடம் ஒருமுறை மாற்றுகிறேன்.

வெள்ளெழுத்து வந்த கதைதான் பெரிய கதை. முதலில் வந்த அடையாளம், ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். மைனஸ்காரருக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் விடைத்தாள் திருத்தும்போது, பிள்ளையைப் பார்க்க ஒருதரம் போட்டு, தாளைப் பார்க்க ஒருதரம் கழற்றி, ஒரு பாடவேளையில் நாற்பது தரம். கீழே D வடிவத்தில் கோடு விழும் இரட்டை வில்லை ஒன்று எடுத்தேன். விலை நியாயம், வாசிப்பதற்குத் தாராளமான இடம். கண் கோட்டைத் தாண்டும்போது எழுத்து ஒரு துள்ளுத் துள்ளும். நடுத் தூரத்துக்கு, அதாவது கணினித் திரைக்கு, ஒன்றும் இல்லை.

பிறகு புரோகிரசிவ். கோடு இல்லாமல் மேலிருந்து கீழே பவர் மெல்ல மாறும் வில்லை. 1959 இல் பிரான்சில் வரிலக்ஸ் என்ற பெயரில் முதன்முதல் வெற்றிகரமாகச் சந்தைக்கு வந்தது. நான் எடுத்த முதலாவது எனக்கு நரகம். தலை சுற்றல், எழுத்தைத் தேடிக் கழுத்து நோவு, பாதையிலிருந்து இறங்கும் பலகை அரை அடி மேலே தெரிந்து ஒருநாள் விழப்பார்த்தேன். ‘பழகும்’ என்றார்கள். இரண்டு மாதம் பழகிப் பார்த்தேன். பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்: அந்தக் கடையில் பிரேமை என் முகத்தில் வைத்து ஒன்றுமே அளக்கவில்லை. பழைய கண்ணாடியைப் பார்த்துக் கண்மணி இடைவெளியை எழுதிக்கொண்டார்கள், வில்லையில் கண்மணி நிற்கும் உயரத்தைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த கடைக்காரர் வயதானவர். முதலில் பிரேமை என் மூக்குக்கு வளைத்துச் சரிசெய்தார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “டீச்சர், தலைய ஆட்டாம நேர எண்ட கண்ணப் பாருங்க.” மாதிரி வில்லையில் கறுப்புப் பேனையால் இரண்டு கண்மணிக்கும் நேரே தனித்தனியாகப் புள்ளி வைத்தார். வலது 31, இடது 30 என்று எழுதினார். உயரத்தையும் அளந்தார். “மறுகா ஒரு கிழமை பொறுங்க. பக்கத்தப் பாக்கக் கண்ணத் திருப்பாம மூக்கத் திருப்புங்க. படியில நாடியத் தாழ்த்துங்க.” பத்தாம் நாள் கண்ணாடி போட்டிருப்பதே மறந்துபோனது. இரண்டு வில்லையும் ஒரே பவர்தான், ஒரே விலைதான். வித்தியாசம் அந்தப் பேனைப் புள்ளி.

உங்கள் புரோகிரசிவ் உண்மையானதா என்று பார்க்க ஆசையென்றால், வில்லையில் வாயால் ஊதிவிட்டு வெளிச்சத்தில் சரியுங்கள். இரண்டு ஓரத்திலும் மயிரளவு வட்டமோ அடையாளமோ தெரியும். காதுப் பக்கத்து அடையாளத்துக்குக் கீழே வாசிப்புக்குக் கூட்டிய பவர் பொறித்திருக்கும். என்னதில் 1.75. இந்த விளையாட்டை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்து, ஒரு பின்னேரம் முழுக்க ஆளாளுக்குக் கண்ணாடியை ஊதிக்கொண்டிருந்தோம்.

நீல ஒளி தடுப்புப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: நானும் ஒருமுறை கூடுதல் காசு கொடுத்தேன், கண் களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வு 2023 இல் வந்தது. கண் களைப்பைக் குறைப்பதாக அதிலும் தெரியவில்லை. அடிக்கடி தூரத்தைப் பார்க்கிறேன், அது செலவில்லாதது.

மகனுக்கும் போன வருடம் −1.50 வந்துவிட்டது. மாமிக்குத் துக்கம். “புள்ள, சின்னவனுக்கு இப்பவே மாட்டிவிட்டா கண்ணு அதுக்கே பழகிரும்கா” என்றா. பழகுவதில்லை மாமி, போடாவிட்டால் கரும்பலகைதான் தெரியாது என்றேன். கிரிக்கெட் விளையாடுபவன் என்பதால் பொலிகார்பனேற் போட்டோம். அபே எண் 30 தான், கீறலும் சுலபமாக விழும், ஆனால் பந்து பட்டால் சில்லாகத் தெறிக்காது. சின்னப் பவரில் நிறக்கரையும் தெரியாது. கீறலைத் தாங்கும் கோட்டிங்கோடு வாங்கினோம். கழுவும் முறையைக் காட்டிக்கொடுத்தேன், கூட்டையும் கையில் கொடுத்தேன், இரண்டு கையாலும் கழற்று என்றும் சொன்னேன்.

நேற்றுப் பின்னேரம் மைதானத்தால் வந்தான். கண்ணாடியை ஒற்றைக் கையால் கழற்றி, முகத்தைப் பார்க்காமலே, வியர்வைச் சேட்டின் நுனியில் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனான்.